மறு வாக்கெடுப்புக்கான விதியை முதல் வாக்கெடுப்புக்கு முன்பே எழுதுங்கள்

பொதுவாக்கெடுப்புச் சட்டங்களை வரைவோருக்கும், அவற்றை நிறைவேற்றும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோரே,

மக்கள் வாக்களித்துவிட்டார்கள். முடிவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இந்த இடைவெளியில் அதே விஷயத்தை மறுபடியும் மக்களிடம் கொண்டுபோகலாமா? மனம் மாறும் உரிமை இல்லாமல் என்ன ஜனநாயகம் என்று தோற்றவர்கள் கேட்கிறார்கள். வேண்டிய பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பீர்களா என்று வென்றவர்கள் கேட்கிறார்கள். மேடையில் இரண்டுமே எடுபடும். ஆனால் இரண்டில் எதை வைத்தும் ஒரு சட்டப்பிரிவு எழுத முடியாது.

நடத்தலாம் என்பதே எங்கள் பதில். ஆனால் எந்த நிலையில், எந்தக் கேள்வியோடு, எந்தக் கெடுவுக்குள், யார் முடிவுசெய்து நடத்தலாம் என்பது முதல் வாக்கெடுப்புக்கான சட்டத்திலேயே இருக்க வேண்டும். வாக்கு எண்ணி முடித்த பிறகு எழுதுகிற விதியை எவ்வளவு நல்ல மனதோடு எழுதினாலும், தோற்றது யார் என்று தெரிந்துகொண்டு எழுதியது என்றே நாடு பார்க்கும். அப்படிப் பார்ப்பதில் தவறும் இல்லை.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் டென்மார்க்கும் அயர்லாந்தும் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. 1992 ஜூன் 2 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை டென்மார்க்கில் வாக்களித்தவர்களில் 50.7 சதவீதத்தினர் நிராகரித்தார்கள். அந்த டிசம்பரில் எடின்பரோ உச்சிமாநாட்டில் பொது நாணயம், பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை ஆகிய நான்கிலும் டென்மார்க்குக்கு விலக்கு கிடைத்தது. 1993 மே 18 அன்று நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் 56.7 சதவீதத்தினர் ஏற்றார்கள். அன்றிரவு கோபன்ஹேகனின் நோரப்ரோ பகுதியில் கலவரம் வெடித்ததையும், போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதையும் இந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அயர்லாந்தின் கணக்கு இன்னும் கூர்ந்து பார்க்கத்தக்கது. அதே ஒன்றியத்தின் நீஸ் உடன்படிக்கைக்கு 2001 ஜூனில் கிடைத்த ஆதரவு வாக்குகள் 4,53,461; எதிர்ப்பு 5,29,478. வாக்குப்பதிவு 35 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2002 அக்டோபரில் மறுபடி கேட்டபோது ஆதரவு ஏறக்குறைய இரட்டித்து 9,06,317 ஆனது, எதிர்ப்பு 5,34,887. எதிர்த்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, ஐயாயிரம் கூடியிருக்கிறது. முடிவை மாற்றியது மனமாற்றம் என்பதைவிட, முதல் தடவை வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் இரண்டாம் தடவை வந்தது என்பதே பொருத்தம். இடையில் கேள்வியும் மாறியிருந்தது. அயர்லாந்தை உள்ளடக்கிய பொதுப் பாதுகாப்பு ஏற்பாட்டில் அரசு சேரக் கூடாது என்ற வாசகம் இரண்டாம் தடவை அரசியல் சட்டத் திருத்தத்திலேயே சேர்க்கப்பட்டது. 2008இல் நிராகரித்த லிஸ்பன் உடன்படிக்கையை வரி, நடுநிலைமை, ஒன்றியத்தின் ஆணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர் ஆகிய உத்தரவாதங்களுக்குப் பிறகு 2009இல் ஏற்றதும் இதே வழிதான்.

ஆனால் இந்த உதாரணங்கள் எல்லாவற்றிலும் முதல் முடிவு ‘வேண்டாம்’ என்பது. ‘வேண்டாம்’ என்ற முடிவை நிறைவேற்ற யாரும் எதையும் செய்ய வேண்டியதில்லை. அறிவித்த நொடியிலேயே அது நிறைவேறிவிடுகிறது. உடன்படிக்கை உறுதிசெய்யப்படாமல் நின்றது, பழைய நிலை தொடர்ந்தது, அவ்வளவுதான். ஆகவே டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் நடந்தவை, நிறைவேறாத முடிவின்மேல் நடந்த மறு வாக்கெடுப்புகள் அல்ல. நிறைவேறிவிட்ட ஒரு முடிவுக்குப் பின் புதிதாக வைக்கப்பட்ட கேள்விகள்.

‘மாற்று’ என்ற முடிவு வேறு ரகம். அதற்குச் சட்டம் வேண்டும், பேச்சுவார்த்தை வேண்டும், ஆண்டுகள் வேண்டும். அதற்குள் மறுபடி கேட்டால், வென்றவர்களுக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகலாம். தாங்கள் கேட்டது ஒரு நாள்கூட நடந்து பார்க்கப்படவில்லை என்ற மனக்குறை அடுத்த இருபது ஆண்டு அரசியலுக்குத் தீனியாகும். எனவே ‘வேண்டாம்’ முடிவுக்கு ஒரு விதியும், ‘மாற்று’ முடிவுக்கு வேறொரு விதியும் தேவை. பல வரைவுகள் இரண்டையும் ஒரே பிரிவில் அடைத்துவிடுகின்றன. முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

அடுத்தது, மக்களிடம் எதை வைக்கிறீர்கள் என்பது. ஒரே நாட்டில் ஐந்து ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு வாக்கெடுப்புகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2011 மே 5 அன்று பிரிட்டனில் மக்களவைத் தேர்தல் முறையை மாற்றுவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. அதற்குமுன்பே சட்டம் நிறைவேறியிருந்தது. மக்கள் ‘ஆம்’ என்றால் எந்தப் பிரிவுகள் அமலுக்கு வரும், வாக்குச்சீட்டில் விருப்ப வரிசையை எப்படிக் குறிப்பது, எப்படி எண்ணுவது என்பதெல்லாம் அச்சில் இருந்தது. அமலாக்க ஆணை பிறப்பிப்பது அமைச்சரின் கடமை என்றும் எழுதியிருந்தது. 67.9 சதவீதத்தினர் ‘இல்லை’ என்றார்கள். விஷயம் அத்தோடு முடிந்தது. மறு வாக்கெடுப்பு கேட்டு நாடு இரண்டாகவில்லை.

2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்வதா, வெளியேறுவதா என்ற வாக்கெடுப்பு. வெளியேற 1,74,10,742 பேர், தொடர 1,61,41,241 பேர், 51.9க்கு 48.1. வாக்குப்பதிவு 72 சதவீதத்துக்கும் மேல். ஆனால் 2015ஆம் ஆண்டின் வாக்கெடுப்புச் சட்டத்தில், முடிவு வந்தபின் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் முடிவை அரசு நடைமுறைப்படுத்தும் என்று வீடுவீடாக அனுப்பிய துண்டறிக்கை சொன்னது, சட்டம் சொல்லவில்லை. அந்த ஓட்டையைத்தான் 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 8க்கு 3 என்ற தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றாமல் வெளியேறும் அறிவிப்பை அரசு கொடுக்க முடியாது என்றது.

இடைவெளியின் வரலாறு பிறகுதான் தொடங்கியது. 2017 மார்ச் 29 அன்று அறிவிப்பு கொடுக்கப்பட்டது. 2018 டிசம்பர் 10 அன்று, அந்த அறிவிப்பை பிரிட்டன் தன்னிச்சையாகவே திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அதாவது மறு வாக்கெடுப்பு நடத்திப் பின்வாங்கும் வழி சட்டப்படி திறந்தே இருந்தது. 2019 ஜனவரி 15 அன்று ஒன்றியத்தோடு அரசு செய்த விலகல் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றது. எந்த ஒப்பந்தமானாலும் மக்கள் ஒப்புதலுக்கு வைக்க வேண்டும் என்ற தீர்மானம் ஏப்ரல் 1 அன்று 280க்கு 292 என்று, பன்னிரண்டே வாக்கில் விழுந்தது. எந்தத் தீர்மானத்துக்கும் பெரும்பான்மை இல்லாத ஓர் அவை, விதி எழுதாமல் விட்டதன் பலனை வரிவரியாக அனுபவித்தது. 2020 ஜனவரி 31 அன்று வெளியேற்றம் நடந்தபோது வாக்கெடுப்பு முடிந்து மூன்றரை ஆண்டு கடந்திருந்தது. இடையே இரண்டு பொதுத் தேர்தல்களும் வந்துபோயின.

நடைமுறையில் சொல்கிறோம்: முழு வாசகத்தையும் எழுதி மக்கள் முன் வையுங்கள். மசோதா தயார், அமலாகும் தேதி தயார், ‘ஆம்’ என்றால் அதுவே சட்டம். இப்படிச் செய்தால் முடிவுக்கும் அமலாக்கத்துக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. மறு வாக்கெடுப்புக் கேள்வியும் எழாது. எல்லா விஷயத்திலும் இது முடியாது என்பது உண்மைதான். எதிர்த்தரப்போடு பேசித்தான் வாசகம் பிறக்கும் என்ற நிலையில் கொள்கையை மட்டுமே மக்கள்முன் வைக்க முடியும். அப்படியானால் தொடக்கத்திலேயே இரண்டு கட்டமாக அறிவியுங்கள்.

நியூசிலாந்து தேர்தல் முறையை மாற்றியது அப்படித்தான். 1992இல் முதல் கட்டம்: மாற்றம் வேண்டுமா, வேண்டுமானால் நான்கு முறைகளில் எது? மாற்றம் வேண்டும் என்றவர்கள் ஏறக்குறைய 85 சதவீதம். 1993இல் இரண்டாம் கட்டம்: பழைய முறையா, முதல் கட்டத்தில் முந்திய புதிய முறையா? இப்போது புதிய முறைக்குக் கிடைத்தது 53.9 சதவீதம்தான். கொள்கையளவில் 85, கையில் வாசகத்தோடு 54. இந்த இறக்கத்தை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. இரண்டாம் கட்டம் வரும் என்று முதல் கட்டத்திலேயே எல்லாருக்கும் தெரியும். அதே இரண்டாம் கட்டத்தை 1992 வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு யாராவது புதிதாகச் செருகியிருந்தால், அது சதி என்றே பேசப்பட்டிருக்கும்.

இரண்டாம் கட்டத்தில் என்னென்ன தெரிவுகள் என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள் என்கிறோம். இது சின்ன விஷயமாகத் தோன்றும். உண்மையில் முடிவு தீர்மானமாகிற இடமே இதுதான். நூறு வாக்காளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அமைப்பிலிருந்து விலகுவது பற்றிய கேள்வி. மூன்று வழிகள்: தொடர்வது, ஒப்பந்தத்தோடு விலகுவது, ஒப்பந்தம் இல்லாமல் விலகுவது. 36 பேரின் வரிசை: தொடர்வது, அதற்கடுத்து ஒப்பந்தம், கடைசியில் ஒப்பந்தமின்மை. 34 பேருக்கு ஒப்பந்தம் முதலிடம், அடுத்தது ஒப்பந்தமின்மை, கடைசியில் தொடர்வது. மீதி 30 பேருக்கு ஒப்பந்தமில்லாத விலகலே முதல் தெரிவு. ஆனால் அரைகுறை ஒப்பந்தத்தைவிடத் தொடர்வதே மேல் என்பது அவர்கள் எண்ணம். இது கற்பனை மனிதர்களின் வரிசை அல்ல, பிரிட்டன் விவாதத்தில் மூன்று வகையினரும் இருந்தார்கள்.

முதலில் விலகலா தொடர்தலா என்று கேளுங்கள்: விலகல் 64, தொடர்தல் 36. விலகல் வென்றது. இனி எப்படி விலகுவது என்று கேளுங்கள்: ஒப்பந்தத்துக்கு 70, ஒப்பந்தமின்மைக்கு 30. சரி, அந்த ஒப்பந்தத்தை உறுதிப்படுத்த மக்களிடம் வைப்போம், வேண்டாமென்றால் தொடரலாம் என்கிறீர்கள்: இப்போது தொடர்தல் 66, ஒப்பந்தம் 34. மாறாக, ஒப்பந்தமில்லாமல் விலகுவதா தொடர்வதா என்று கேட்டால் விலகல் 64. ஒருவர்கூட மனம் மாறவில்லை. அதே நூறு பேர், அதே விருப்பங்கள். எந்த இரண்டை வாக்குச்சீட்டில் அச்சிடுகிறீர்களோ அதற்கேற்ப விடை மாறுகிறது. மூன்றையும் ஒரே சீட்டில் வைத்து அதிக வாக்கு பெற்றது வெற்றி என்றால் 36 வாக்கில் தொடர்தல் வெல்லும், 64 பேர் விலக விரும்பியும்கூட. விருப்ப வரிசை போடச் சொல்லி, கடைசியில் வந்ததை நீக்கி எண்ணினால் அந்த 30 பேரின் வாக்கு தொடர்தலுக்குப் போய் 66 ஆகும்.

ஆகவே ‘மக்கள் இப்போது வேறு மாதிரி நினைக்கிறார்கள்’ என்பதற்கு இரண்டாம் வாக்கெடுப்பின் முடிவு தானாகவே சான்றாகிவிடாது. மக்கள் அசையாமல் நின்றிருக்க, கேள்வியை எழுதியவரின் பேனா மட்டும் நகர்ந்திருக்கலாம். இரண்டாம் கட்டத்தில் என்ன எதிர் என்ன, தோற்றால் எந்த நிலைக்குத் திரும்புவது என்ற ஒரு வாக்கியத்தை முதல் சட்டத்தில் சேர்த்துவிட்டால் அந்தப் பேனா யார் கையிலும் இருக்காது.

நடைமுறையே பழுதுபட்டிருந்தால் அது வேறு வழக்கு. அங்கே நடப்பது மறு வாக்கெடுப்பு என்பதைவிட, நடந்ததை ரத்து செய்து ஒழுங்காக நடத்துவது. அதை முடிவுசெய்ய வேண்டியது நீதிமன்றம். அரசும் அல்ல, அவையும் அல்ல. சுவிட்சர்லாந்தில் 2016 பிப்ரவரி 28 அன்று, திருமணமான தம்பதிகள்மீது விழும் கூடுதல் வரிச்சுமையை நீக்கும் முன்மொழிவு 50.8 சதவீத எதிர்ப்பில் தோற்றது. அந்தச் சுமைக்கு ஆளாகும் இரட்டை வருமானத் தம்பதிகள் ஏறத்தாழ 80,000 என்று அரசு வாக்காளர்களுக்குச் சொல்லியிருந்தது. சரியான எண்ணிக்கை ஏறத்தாழ 4,54,000 என்பது பிறகு தெரிந்தது. 2019 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பை ரத்து செய்தது. முடிவின் இடைவெளி குறைவு, பிழை பெரிது, பிழையைச் செய்தது அரசே: மூன்றும் ஒன்றுசேர்ந்ததால் ரத்து. இந்த மூன்றையும் அளவுகோலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ரத்து செய்யக் கெடு எவ்வளவு என்பதில்தான் பல சட்டங்கள் சறுக்குகின்றன. பிரிட்டனின் 2015 சட்டத்தில் முடிவை எதிர்த்து வழக்குத் தொடர ஆறு வாரம்தான் அவகாசம். வெளியேறும் தரப்பின் முதன்மைப் பிரசார அமைப்பு செலவு வரம்பை மீறியது உள்ளிட்ட குற்றங்களுக்காகத் தேர்தல் ஆணையம் 61,000 பவுண்டு அபராதம் விதித்தது 2018 ஜூலையில், வாக்கெடுப்பு முடிந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகு. அந்த அமைப்புக்கு அனுமதித்த செலவு வரம்பு 70 லட்சம் பவுண்டு. ஒரு குற்றத்துக்கு ஆணையம் அப்போது விதிக்க முடிந்த உச்ச அபராதம் 20,000 பவுண்டு. இந்தத் தண்டனைக்கு யாரும் அஞ்சப்போவதில்லை. கணக்குத் தணிக்கை முடிகிற தேதிக்கு முன்பே வழக்குக்கான கதவு மூடிக்கொள்கிறது என்றால் அந்தக் கதவு இருந்தும் பயனில்லை. செலவுக் கணக்கை வாக்கெடுப்புக்குப் பின் மூன்று மாதத்துக்குள் வாங்குங்கள், அடுத்த மூன்று மாதத்தில் தணிக்கையை முடியுங்கள், வழக்குக் கெடுவை அதற்குப் பின் வையுங்கள். முடிவு அமலாகும் தேதியும் அதற்கு முன்னால் வரக் கூடாது.

ரத்து செய்ய மோசடி நிரூபணமாக வேண்டுமா? ஆஸ்திரிய அரசியல் சட்ட நீதிமன்றம் வேண்டாம் என்றது. அது வாக்கெடுப்பு அல்ல, குடியரசுத் தலைவர் தேர்தல். ஆனால் தர்க்கம் ஒன்றே. 2016 மே மாத இரண்டாம் சுற்றில் வித்தியாசம் 30,863 வாக்குகள். விதிமீறி நேரத்துக்கு முன்பே பிரித்தது போன்ற குளறுபடிகளுக்கு உள்ளான வாக்குகள் 77,926. முறைகேடு செய்து வாக்கை மாற்றினார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. பாதிக்கப்பட்ட வாக்குகள் வித்தியாசத்தைவிடப் பெரிது என்பதே போதும் என்று தேர்தல் ரத்தானது. அக்டோபர் 2க்கு வைத்த மறுதேர்தல், தபால் வாக்கு உறைகளின் பசை ஒட்டாமல் போனதால் டிசம்பர் 4க்குத் தள்ளிப்போனது. உறையின் பசைக்கும் சட்டத்தில் இடம் வேண்டும் என்று நாங்கள் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு மாதம் தாமதமான நாடு சிரிக்கவில்லை.

அடுத்து வருவது, அரசியல்வாதிகளான உங்களுக்குப் பிடிக்காத பகுதி. ‘சூழல் மாறிவிட்டது, ஆகவே மறுபடி கேட்க வேண்டும்’ என்ற வாதத்தில் ஓர் ஆபத்து உண்டு. முடிவை நிறைவேற்ற வேண்டியவர்கள் பெரும்பாலும் அந்த முடிவை எதிர்த்தவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் இரண்டு ஆண்டு இழுத்தடித்துவிட்டு, இரண்டு ஆண்டாகிவிட்டதே, புதிய வாக்காளர்கள் வந்துவிட்டார்களே என்றால், தாமதம் செய்தவருக்கே தாமதம் பரிசாகிறது. வாக்களித்தவர்களில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலருக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது என்ற வாதத்தை நாங்கள் மதிப்பதே இல்லை. எந்தத் தேர்தலுக்கும் மறுநாள் காலையிலேயே அது பொருந்தும்.

இதற்கு மருந்து, கெடு. சுவிட்சர்லாந்தில் 2014 பிப்ரவரி 9 அன்று குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவு 50.3 சதவீதத்தில் வென்றபோது, மூன்று ஆண்டுக்குள் அமலாக்கம் என்பது அதன் வாசகத்திலேயே இருந்தது. எதிர்த்தவர்கள் அந்தப் பிரிவையே நீக்கக் கோரி 2015இல் கையெழுத்துகளைத் தாக்கல் செய்தார்கள். அங்கே பதினெட்டு மாதத்தில் ஒரு லட்சம் கையெழுத்து சேர்த்தால் எவரும் எதையும் கேட்கலாம். காத்திருப்புக் காலம் கிடையாது. நாடாளுமன்றம் 2016 டிசம்பரில் மிதமான அமலாக்கச் சட்டத்தை நிறைவேற்றியபின் அந்த நீக்கல் முன்மொழிவை 2017இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மிதமாக்கியது போதாது என்று சினந்தவர்கள் வேறொரு முன்மொழிவோடு வந்து 2020 செப்டம்பரில் தோற்றார்கள். ஆறு ஆண்டு இழுபறிதான், ஆனால் ஒவ்வொரு அடியும் முன்பே எழுதிய விதிப்படி நடந்தது.

உங்கள் சட்டத்தில் இப்படி இருக்கட்டும்: ‘மாற்று’ என்ற முடிவு வந்தால் இத்தனை மாதத்துக்குள் அமலாக்க மசோதா. அந்தக் கெடு தவறினால் பழைய நிலை தானாகத் தொடராது. தயாராக உள்ள வரைவு எதுவோ அது மக்கள் முன் போகும். வரைவே இல்லையென்றால் அவை கலையும். கடைசி வாசகம் கடுமையாகத் தெரியலாம். இழுத்தடிப்பவரின் நாற்காலி ஆடினால்தான் இழுத்தடிப்பு நிற்கும்.

காத்திருப்புக் காலம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம், ஏனெனில் எழுதுவது எளிது. வட அயர்லாந்தின் எதிர்காலம் பற்றிய வாக்கெடுப்பு ஒன்று நடந்தால் ஏழு ஆண்டுக்குள் அடுத்தது கூடாது என்று 1998 சட்டம் சொல்கிறது. இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்கும் கோரிக்கையை மக்கள் நிராகரித்தால் ஐந்து ஆண்டுக்கு அதே கோரிக்கை எழாது. எண் எதுவானாலும் சரி, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கும் என்பதைத்தான் பாருங்கள். ‘வேண்டாம்’ என்ற முடிவுக்கு வாக்களித்த நாளிலிருந்து. ‘மாற்று’ என்ற முடிவுக்கு அமலான நாளிலிருந்து. இரண்டாவதையும் வாக்களித்த நாளிலிருந்தே எண்ணினால், காத்திருப்புக் காலம் முழுவதையும் இழுத்தடிப்பே தின்றுவிடும்.

இனி, இரண்டாம் முடிவு முதல் முடிவை வெல்ல என்ன பலம் வேண்டும்? குறைந்தபட்ச வாக்குப்பதிவு வையுங்கள் என்று யாராவது உடனே சொல்வார். வைக்காதீர்கள். நெதர்லாந்தில் 2016 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் உக்ரைனுக்கும் இடையிலான உடன்பாடு பற்றிய ஆலோசனை வாக்கெடுப்புக்கு 30 சதவீத வரம்பு இருந்தது. உடன்பாட்டை ஆதரித்தவர்களில் பலருக்கு, போய் ஆதரித்து வாக்களிப்பதைவிட வீட்டில் இருந்து வாக்குப்பதிவைக் குறைப்பதே லாபமா என்ற கணக்குப் போட வேண்டியிருந்தது. பதிவு 32.3 சதவீதம். வரம்பு வாக்காளரைச் சூதாடியாக்குகிறது. ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையமும் வரம்பு வேண்டாம் என்றே பரிந்துரைக்கிறது. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் அமைப்பது பற்றிய 1979 வாக்கெடுப்பில், பதிவான வாக்கில் பெரும்பான்மை போதாது, மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேண்டும் என்று வைத்தார்கள். 51.6 சதவீதம் ‘ஆம்’ என்றும் அது மொத்தத்தில் 32.9 சதவீதமாகவே இருந்ததால் தோற்றது. வாக்களிக்க வராதவர்களும் ‘இல்லை’ என்ற கணக்கில் சேர்ந்தார்கள்.

பசிபிக்கில் பிரான்ஸின் ஆட்சிக்கு உட்பட்ட நியூ கலிடோனியாவையும் பாருங்கள். 1998 நூமியா உடன்பாட்டில் விடுதலை பற்றி மூன்று வாக்கெடுப்புகள் வரை நடத்தலாம் என்று முன்பே எழுதியிருந்தார்கள். நாங்கள் கேட்கும் முன்யோசனை அதுதான். 2018இல் விடுதலைக்கு எதிராக 56.7 சதவீதம், 2020இல் 53.3. மூன்றாவதை 2021 டிசம்பரில், கொரோனா மரணங்களின் துக்கத்தில் இருப்பதால் தள்ளிவையுங்கள் என்று பூர்வகுடிகளான கனக் மக்கள் கேட்டும் கேளாமல் நடத்தினார்கள். விடுதலை கோரும் தரப்பு புறக்கணித்தது. முடிவு 96.5 சதவீதம், வாக்குப்பதிவு 43.9. எண்ணிக்கையை எழுதியவர்கள் தேதியை யார் தீர்மானிப்பது என்பதை இரு தரப்பின் இசைவோடு கட்டவில்லை.

இதற்கெல்லாம் பதிலாக எளிய ஒரு நிபந்தனையை முன்வைக்கிறோம். முதல் முடிவை மாற்ற வேண்டுமானால், இரண்டாம் வாக்கெடுப்பில் பெரும்பான்மை வேண்டும். அந்தப் பெரும்பான்மையின் வாக்கு எண்ணிக்கை, முதல் வாக்கெடுப்பில் வென்ற தரப்பு பெற்ற எண்ணிக்கையைத் தாண்டவும் வேண்டும். வென்றவர்கள் புறக்கணித்தால் அவர்களுக்கு எந்த லாபமும் இல்லை. எதிர்த்தரப்பு தாண்ட வேண்டிய எண் அப்படியேதான் இருக்கும், பெரும்பான்மை மட்டும் எளிதாகிவிடும். ஆகவே எல்லாரும் வருவார்கள். அயர்லாந்தின் 2002 முடிவு இந்தச் சோதனையில் தேறும்: 9,06,317, தாண்ட வேண்டியது 5,29,478. பிரிட்டனில் நடந்திருந்தால் 1,74,10,742ஐத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு குறை உண்டு. பத்து, பதினைந்து ஆண்டு இடைவெளியானால் வாக்காளர் தொகையே மாறிவிடும். அப்போது இந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஆகவே முடிவு அமலாகாத இடைவெளிக்கு மட்டும் இதை வையுங்கள்.

வாக்காளர் தகுதியும் இரண்டு தடவையும் ஒன்றாக இருக்கட்டும். ஸ்காட்லாந்தின் 2014 விடுதலை வாக்கெடுப்பில் 16 வயதினர் வாக்களித்தார்கள், பிரிட்டன் முழுவதும் நடந்த 2016 வாக்கெடுப்பில் 18 வேண்டும் என்றார்கள். இரண்டில் எது சரி என்று வாதாடலாம். ஆனால் ஒரே விஷயத்தில் முதல் தடவை 18, இரண்டாம் தடவை 16 என்று வைத்தால், வாக்கு எண்ணுவதற்கு முன்பே தோற்றவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

விதியே எழுதாமல் முதல் வாக்கெடுப்பு முடிந்துவிட்ட இடங்களில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். மக்கள் சொன்னதை ஓரங்கட்டிவிட்டு அவையே முடிக்கும் வழி ஒன்று உண்டு. 1955இல் சாலையில் இடப்பக்கமே போவோம் என்று 82.9 சதவீதத்தினர் சொன்ன ஸ்வீடனில், நாடாளுமன்றம் 1963இல் வலப்பக்கம் என்று முடிவெடுத்து 1967இல் மாற்றியது. கொலம்பியாவில் 2016 அக்டோபரில், ஃபார்க் கிளர்ச்சியாளர்களோடு அரசு செய்த அமைதி உடன்பாடு 54,000க்கும் குறைந்த வாக்கில் தோற்றபோது, எதிர்த்தரப்பின் கோரிக்கைகள் சிலவற்றைச் சேர்த்துத் திருத்தி, மறு வாக்கெடுப்பு இல்லாமல் நவம்பர் முடிவுக்குள் நாடாளுமன்றத்திலேயே நிறைவேற்றினார்கள். சட்டப்படி இரண்டும் செல்லும். ஆனால் கொலம்பியாவில் அந்தக் காயம் ஆறவில்லை. ஸ்வீடனில் ஆறுவதற்கு எட்டு ஆண்டு அவகாசம் இருந்தது.

மறு வாக்கெடுப்புதான் வழி என்று முடிவெடுத்தால் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். பிரிட்டனுக்கு இந்தக் கணக்கைப் போட்ட லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், சட்டம் இயற்றுவதிலிருந்து வாக்களிக்கும் நாள்வரை குறைந்தது 22 வாரம் ஆகும் என்றார்கள். அதில் கேள்வியின் வாசகத்தை வாக்காளரிடம் சோதிப்பதும் அடங்கும், பத்து வாரப் பிரசாரக் காலமும் அடங்கும். கேள்விச் சோதனையை நேரம் போதவில்லை என்று வெட்டாதீர்கள். 2015இல் அரசு முதலில் எழுதிய கேள்வி, தொடர வேண்டுமா என்று மட்டும் கேட்டு ‘ஆம்’, ‘இல்லை’ என்று விடை வைத்தது. அது தொடர்வதன் பக்கம் சாய்கிறது என்று சோதனையில் தெரிந்த பிறகே, தொடர்வதா வெளியேறுவதா என்று மாற்றினார்கள். 22 வாரமும் இல்லையென்றால், நிறைவேற்றும் கெடுவை முதலில் நீட்டிக்கக் கேளுங்கள். நீட்டிப்பு எழுத்தில் வந்த பிறகே வாக்கெடுப்புத் தேதியை அறிவியுங்கள். அந்தச் சட்டத்துக்கு எளிய பெரும்பான்மை போதும் என்று விட்டுவிடாதீர்கள். முதல் வாக்கெடுப்பில் வென்ற தரப்பிலிருந்து கணிசமான உறுப்பினர்களின் கையெழுத்து அதில் இல்லையென்றால், நடத்தாமல் இருப்பதே நல்லது.

இப்படிக்கு,
வாக்கெடுப்புச் சட்டத்திலும் தேர்தல் நடைமுறையிலும் பணிபுரிவோர்